கொரிய மொழியில் நிலாவும் மகளும் முகமூடியும் ஒன்றுபோலக் கேட்பது ஏன்?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதமாகக் கொரிய மொழி படிக்கிறீர்கள். 'தல்' என்று உங்கள் காதில் விழும் சொல் ஒரு முறை நிலா, இன்னொரு முறை மகள், மற்றொரு முறை முகமூடி. "மகள் என்றால் அழுத்திச் சொல், முகமூடி என்றால் ஊதிச் சொல்" என்கிறார் ஆசிரியர். அழுத்திப் பார்த்தீர்கள், ஊதியும் பார்த்தீர்கள். இரண்டுமே தவறு என்கிறார். அதே ஒலிகள் சொல்லின் நடுவில் வந்தால் மட்டும் ஓரளவு பிடிபடுகின்றன. பழைய நாடகங்களில் பாட்டிகள் பேசினால் புரிகிறது, இளைஞர்கள் பேசினால் குழம்புகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில், வித்தியாசம் மெய் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதிலா, பக்கத்து உயிரிலா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி. மற்ற எல்லாவற்றுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

நான் ஒலியியல் படித்தவன். பதினான்கு ஆண்டுகளாகச் சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் தமிழ் பேசுபவர்களுக்குக் கொரிய மொழி சொல்லித் தருகிறேன். என் காது பழகியது சியோல் பேச்சுக்கு. தெற்கு வட்டாரப் பேச்சுகளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் படித்து அறிந்தது, பழகி அறிந்தது அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். சுருக்கமான பதில் வேண்டும் என்றால்: காதை மெய்யின் மேல் வைக்காதீர்கள், அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் உயிரின் மேல் வையுங்கள். கொரிய வல்லினம் தன் இடத்தில் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. முன்னால் இருக்கும் உயிரைக் குறுக்கும், பின்னால் வரும் உயிரின் குரலையும் சுருதியையும் மாற்றும். நீங்கள் தேடும் அடையாளத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் கிடக்கிறது.

தமிழ் எழுத்தில் இந்த மூன்றையும் பிரித்து எழுத வழியில்லை என்பதால் பெயர் வைத்துக்கொள்வோம். கொரிய இலக்கணத்தில் இவற்றுக்குச் சொந்தப் பெயர்களே உண்டு: சாதாரண ஒலி, இறுகிய ஒலி, முரட்டு ஒலி என்று பொருள் வரும். நான் சாதா, இறுக்கம், மூச்சு என்று சொல்கிறேன். நிலா சாதா, மகள் இறுக்கம், முகமூடி மூச்சு. அதே வரிசையில் தீ, கொம்பு, புல் ஆகிய மூன்றும் 'புல்' என்பதுபோலக் கேட்கும். 1446இல் மன்னர் செஜோங் வெளியிட்ட எழுத்துமுறையிலேயே, மூச்சொலிக்குச் சாதா எழுத்தோடு ஒரு கோடு கூட்டும் முறை இருந்தது. இறுக்க ஒலிக்குச் சாதா எழுத்தை இரண்டு முறை எழுதும் இன்றைய வழக்கு 1933இன் எழுத்துச் சீர்திருத்தத்தில்தான் உறுதியானது. இரட்டித்து எழுதியிருப்பதைப் பார்த்ததும் நமக்கு 'ஒற்று மிகுந்திருக்கிறது' என்று தோன்றும். பாதி சரி. எந்தப் பாதி என்பதுதான் விஷயம்.

சொல்லின் நடுவிலிருந்து தொடங்குவோம், அங்கே நமக்குக் கொஞ்சம் சொந்தபந்தம் உண்டு. கொரிய மொழியில் குழந்தைக்கு 'அகா' என்பார்கள். 'சற்று முன்பு' என்பதற்கு 'அக்கா' என்பார்கள். இரண்டாவது அச்சு அசல் நம் அக்காவைப் போலவே கேட்கும். முதலாவதில் நடு மெய் சாதா. அது இரண்டு உயிர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டதும் குழைந்து, 'அகம்' என்பதில் வரும் ககரத்தைப்போல அதிர்வொலியாக, அதாவது குரல்நாண்கள் அதிரச் சொல்லும் ஒலியாக, ஆகிவிடும். இரண்டாவதில் நடு மெய் இறுக்கம். நாக்கின் பின்பகுதி மேலே போய் ஒட்டி, அங்கேயே நின்று, பிறகு விடும். நிற்கும் நேரத்தை அளந்தால் சாதாவைவிட இரண்டு மடங்குக்கு மேல் வரும். இது நமக்குப் பழகிய கணக்கு. 'அகம்', 'அக்கம்' என்று சொல்லிப் பார்த்தாலே புரிந்துவிடும்.

ஆனால் இதில் இன்னொரு கணக்கும் ஓடுகிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. முதல் 'அ' இரண்டு சொல்லிலும் ஒரே நீளம் இல்லை. 'அகா'வில் சற்று நீண்டிருக்கும், 'அக்கா'வில் சட்டென்று வெட்டுப்படும். பின்னால் நீண்ட அடைப்பு வரப்போகிறது என்றால் முன்னால் இருக்கும் உயிர் இடம் விட்டுக்கொடுக்கிறது. இது பலர் பேச்சில் பல முறை அளந்து பார்த்து உறுதியான செய்தி: இறுக்கத்துக்கும் மூச்சுக்கும் முன்னால் உயிர் குறுகும், சாதாவுக்கு முன்னால் குறுகாது. குறிலுக்கு ஒரு மாத்திரை, மெய்க்கு அரை மாத்திரை என்று மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கணக்கு செய்யுளுக்குப் போதும். வாயில் நடப்பது இப்படி ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் கணக்கு.

சரி, அப்படியானால் நடுவில் நமக்குத் தொல்லையே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். கொரிய மொழியில் அப்பாவுக்கு 'அப்பா'தான், இறுக்க ஒலி. 'வலிக்கிறது' என்பதும் கிட்டத்தட்ட அதே சொல், நடுவில் மட்டும் மூச்சொலி. இரண்டிலும் உதடு மூடி நிற்கும் நேரம் சாதாவைவிட நீளம். இரண்டிலும் முன்னால் இருக்கும் அகரம் குறுகும். வித்தியாசமெல்லாம் உதடு திறந்த பிறகுதான். இறுக்கத்தில் உதடு திறந்த கணமே 'ஆ' முழுக் குரலோடு குதிக்கும். மூச்சில், உதடு திறந்த பிறகு வெறும் காற்று கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம்தான் குரல் வரும். தமிழ்க் காது நீண்ட அடைப்பைக் கேட்டதும் 'இரட்டிப்பு' என்று முடிவு கட்டிவிட்டு, அந்தக் காற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. என்னிடம் படித்த ஓர் இளைஞர், ஆலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வயிற்று வலி என்று தன் கொரிய மேலாளரிடம் சொல்லப் போனார். 'பே' என்றால் வயிறு, சரியாகச் சொன்னார். அடுத்ததை நம் 'அப்பா'வாகச் சொல்லிவிட்டார். 'வயிறு அப்பா' என்று கேட்ட மேலாளர் ஒரு கணம் விழித்துவிட்டு, அவர் வயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார். அந்த இளைஞரின் உதட்டிலும் அகரத்திலும் குறையே இல்லை. உதடு திறந்த பிறகு ஓட வேண்டிய சிறு காற்று மட்டும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. அப்பா, அக்கா என்று கேட்டதும் 'தமிழும் கொரியனும் உறவு மொழிகள்' என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். அம்மா, அப்பா போன்ற மழலைச் சொற்கள் உலகெங்கும் ஒன்றுபோல அமைவது சகஜம். அதைக்கொண்டு உறவு காட்ட முடியாது. கொரிய 'அக்கா'வுக்கோ பொருளே வேறு. ஒலி ஒத்துப்போவதை ஒலிப்பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இறுக்க ஒலி என்பது உண்மையிலேயே இரட்டை மெய்யா என்ற கேள்வி இங்கே வரும். இதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நீண்ட அடைப்பு, குறுகும் முன்னுயிர் இரண்டையும் வைத்து 'இரட்டை மெய்தான்' என்பவர்கள் உண்டு. எதிர்த்தரப்பின் வாதமும் வலுவானது: மூச்சொலிக்கும் அடைப்பு நீளம்தான், அதை யாரும் இரட்டை என்று எழுதுவதில்லையே, போதாக்குறைக்கு இறுக்க ஒலி சொல்லின் தொடக்கத்திலும் வருகிறதே. நம் மொழியில் ஒற்று மிகுந்து ஒரு சொல் தொடங்குமா? தொடங்காது. எனக்கு இரண்டாவது தரப்பே சரியாகப் படுகிறது. அடைப்பின் நீளம் இறுக்கத்தின் ஒரு விளைவு. இறுக்கம் என்பது அடிப்படையில் தொண்டையில் நடக்கும் வேலை. ஆனால் இது என் கருத்து, தீர்ப்பு அல்ல.

இனி உங்களை வாட்டும் இடத்துக்கு வருகிறேன், சொல்லின் தொடக்கம். இங்கே நம் அடைப்புக் கணக்கு முழுக்கக் கைவிட்டுவிடும், காரணம் ரொம்ப எளிது. பேச்சுக்கு முன் அமைதி. வல்லினத்தின் அடைப்பும் அமைதி. அமைதிக்குள் அமைதி எங்கே தொடங்கியது என்று எந்தக் காதாலும் சொல்ல முடியாது. மகள் என்ற சொல்லுக்கு நாக்கை எவ்வளவு நேரம் அழுத்தி வைத்திருந்தாலும் எதிரே இருப்பவருக்கு அது தெரியப்போவதில்லை. "அழுத்திச் சொல்" என்ற அறிவுரை பலிக்காமல் போவது இதனால்தான். நீங்கள் நாக்கை அழுத்துகிறீர்கள். அவர் கேட்க விரும்புவது அழுத்தத்தை அல்ல, அதற்குப் பிறகு வரும் உயிரை.

அடைப்பு திறந்த கணத்துக்கும் குரல்நாண்கள் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடையே உள்ள நேரத்தை 'குரல் தொடங்கும் நேரம்' என்று வைத்துக்கொள்வோம். லீ லிஸ்கர், ஆர்தர் ஆப்ரம்சன் என்ற இருவர் 1964இல் பதினொரு மொழிகளில் இதை அளந்து வெளியிட்டார்கள். அந்தப் பதினொன்றில் கொரியனும் உண்டு, தமிழும் உண்டு. கொரியனில் அவர்களுக்குக் கிடைத்த சராசரி, தகர வரிசைக்கு: இறுக்கம் 11 மில்லிசெகண்ட், சாதா 25, மூச்சு 94. ககர வரிசைக்கு 19, 47, 126. மூச்சு தெளிவாகத் தனியே நிற்கிறது. இறுக்கமும் சாதாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அதுவும் சராசரியில்தான். தனித்தனி உச்சரிப்புகளை எடுத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மற்ற மொழிகளில் அழகாகப் பிரித்துக் காட்டிய அந்த அளவுகோல் கொரியனில் தடுமாறியது அப்போதே தெரிந்துவிட்டது. மூன்றுமே அதிர்வில்லாமல் தொடங்குபவை, மூன்றும் ஒரே பக்கம் நிற்பவை என்பதால் வந்த நெருக்கடி அது.

தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்பதை 1970களில் நேரிலேயே பார்த்தார்கள். மூக்கு வழியாக மெல்லிய நார்க்குழாயை இறக்கிக் குரல்வளையைப் பார்க்கும் முறையில் ககாயா என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1974இல் வெளியிட்டது இன்றும் முக்கியமான சான்று. மூச்சொலியில், நாக்கு அடைப்பைத் திறக்கும் நேரத்தில் குரல்நாண்கள் அகல விரிந்திருக்கும். அவை திரும்பி வந்து சேரும்வரை காற்றுதான். சாதாவில் பாதி விரிந்து, திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்பின்னாக வந்து சேரும். அதனால் உயிர் தளர்வாக, கொஞ்சம் காற்றுக் கலந்த குரலில் தொடங்கும். இறுக்கத்தில், நாக்கு திறப்பதற்கு வெகு முன்பே குரல்நாண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இறுகி நிற்கும். நாக்கு விட்டதும் குரல் கத்தரித்ததுபோலத் தொடங்கும். மூச்சொலி என்பது திறக்கும் கணத்தில் குரல்வளை எவ்வளவு அகன்றிருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று கிம் சின்-ஊ 1970லேயே எழுதியிருந்தார். நீங்கள் கேட்ட நேரக் கணக்கின் மையம் இதுதான். வாயில் ஒரு கடிகாரம், தொண்டையில் ஒரு கடிகாரம். இரண்டும் எவ்வளவு முன்னும் பின்னுமாக ஓடுகின்றன என்பதில்தான் மூன்று ஒலிகளும் பிறக்கின்றன. அந்த இடைவெளியின் தழும்பு விழுவது அடுத்த உயிரின் மேல்.

இப்போது பாட்டி, பேத்தி விஷயம். உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. சியோலில் கடந்த சில பத்தாண்டுகளில் இந்த ஒலிகள் இடம் மாறியிருக்கின்றன. டேவிட் சில்வா 2006இல் வெளியிட்ட ஆய்வின் முக்கியச் செய்தி: ஏறத்தாழ 1965க்குப் பிறகு பிறந்தவர்களிடம் சாதாவுக்கும் மூச்சுக்கும் குரல் தொடங்கும் நேரத்தில் வித்தியாசம் கரைந்துவிட்டது. மூச்சில் இருந்த நீண்ட காற்று குறைந்தது, சாதாவில் காற்று கூடியது, இரண்டும் நடுவழியில் சந்தித்துக்கொண்டன. பின்னர் வந்த பெரிய பேச்சுத் தொகுப்பு ஆய்வுகளும் இதையே காட்டின. பெண்கள் இந்த மாற்றத்தில் முன்னே போனார்கள் என்பதும் தெரிந்தது. அப்படியானால் இளம் பெண் ஒருத்தி நிலாவையும் முகமூடியையும் எப்படிப் பிரிக்கிறாள்? சுருதியால். நிலாவின் உயிர் தாழ்ந்த சுருதியில் தொடங்குகிறது, முகமூடியின் உயிர் உயர்ந்த சுருதியில். காற்று இரண்டிலும் உண்டு. ஆகவே "ஊதிச் சொல்" என்ற அறிவுரையும் பாதிதான் பலிக்கும். ஊதிவிட்டுத் தாழ்ந்த சுருதியில் சொன்னால் இளைய சியோல்காரருக்கு அது நிலாவாகத்தான் கேட்கும். பாட்டியிடம் காற்றின் நீளமே போதிய அடையாளமாக இருந்ததால் உங்களுக்குப் பிடிபட்டது.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்தக் கரைதல் நடந்தது சொற்கட்டின் (ஒரே ராகத்தில் சேர்ந்து வரும் சிறு சொற்கூட்டத்தின்) தொடக்கத்தில்தான். நடுவில் சாதா இன்னும் அதிர்வொலியாகக் குழைகிறது, அடைப்பும் குட்டையாகவே இருக்கிறது. நடுவில் உங்களுக்கு ஓரளவு பிடிபடுவதற்கு உங்கள் தமிழ் மட்டும் காரணம் அல்ல. அங்கே வித்தியாசமும் உண்மையிலேயே பெரிது.

சுருதி எல்லா மொழியிலும் மெய்யால் கொஞ்சம் அசையும். ஆங்கிலத்தில் அந்த அசைவு உயிரின் தொடக்கத்தில் ஒரு நொடிப்பொழுது இருந்து மறைந்துவிடும். சியோல் பேச்சில் அது உயிர் முழுக்க நிற்கிறது, அடுத்த அசை வரைக்கும் ராகத்தை நிர்ணயிக்கிறது. 1990களில் ஜன் சுன்-ஆ இதை விளக்கினார். சியோல்காரர்கள் பேசும்போது ஒரு சொல்லையோ சில சொற்களைச் சேர்த்தோ ஒரு சிறு ராகத்தில் விடுவார்கள். நான் சொற்கட்டு என்றது அதைத்தான். கட்டு இறுக்கத்திலோ மூச்சிலோ சகரத்திலோ ஹகரத்திலோ தொடங்கினால் ராகம் உயரத்தில் தொடங்கும். சாதாவிலோ மூக்கொலியிலோ உயிரிலோ தொடங்கினால் தாழ்வில் தொடங்கும். ஒரு வாக்கியத்தை வாயை மூடிக்கொண்டு வெறும் முனகலாகச் சொன்னால்கூட, முதல் எழுத்து எந்த வகை என்று பாதி ஊகிக்கலாம். வகுப்பில் இதை விளையாட்டாகவே செய்கிறோம்.

உயிரில்தான் அடையாளம் என்பதற்கு நீங்களே வீட்டில் சான்று தேடலாம். பிராட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போர்ஸ்மா, டேவிட் வீனிங்க் இருவரும் உருவாக்கியது. சியோல்காரர் ஒருவர் நிலா, மகள், முகமூடி மூன்றையும் சொன்ன பதிவைத் திறங்கள். திரையில் முதலில் ஒரு வெட்டுப்போலச் செங்குத்துக் கோடு, அது நாக்கு விட்ட இடம். பிறகு புழுதி பறந்ததுபோல ஒழுங்கற்ற கிறுக்கல், அது காற்று. அதன் பின் சீப்புப் பற்களைப்போல வரிசையாக அலைகள், அது குரல். இப்போது முதல் சீப்புப் பல்லுக்கு முன்னால் இருக்கும் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை மட்டும் கேளுங்கள். மெய் போய்விட்டது, வெறும் 'அல்'தான் இருக்கிறது. ஆனாலும் நிலாவின் 'அல்' கீழிருந்து, பெருமூச்சு கலந்து வரும். மகளின் 'அல்' கெட்டியாக, மேலிருந்து விழும். முதன்முறை இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை. ஒன்றின் மெய்யை இன்னொன்றின் உயிரோடு ஒட்டிக் கேட்கவைத்த சோதனைகளும் நடந்திருக்கின்றன. கிம், பெடர், ஹாரக்ஸ் மூவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், சாதாவை அடையாளம் காண்பதில் மெய்யைவிட உயிரின் பங்கே ஓங்கி நின்றது.

சொற்கட்டுக்குள் எந்த இடத்தில் வருகிறது என்பதும் இந்தக் கணக்கில் சேரும். புசான் நகரத்தைத் தனியே சொன்னால் முதல் எழுத்து அதிர்வில்லாமல் வரும்; அதற்கு முன் ஒரு சொல் அதே கட்டில் சேர்ந்துவிட்டால் 'தபால்' என்பதில் வரும் பகரம்போலக் குழைந்துவிடும். வெளிநாட்டவர் அந்த ஊரின் பெயரை ஒரு காலத்தில் ஆங்கில B எழுத்திலும் இன்னொரு காலத்தில் P எழுத்திலும் மாற்றி மாற்றி எழுதியது இந்தக் குழப்பத்தால்தான். 2000இல் கொரிய அரசு ரோமன் எழுத்துமுறையைத் திருத்தியபோது, அதிர்வொலி எழுத்தான B-யை நிலைநிறுத்தியது. 1996இல் தொடங்கிய அந்த ஊர்ப் படவிழாவும் 2011இல் தன் பெயரின் முதல் எழுத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. ஒலி மாறவில்லை, எழுத்துதான் மாறியது. அப்புறம், கட்டு எவ்வளவு பெரிய இடைவெளிக்குப் பிறகு தொடங்குகிறதோ அந்த அளவுக்கு முதல் மெய்யின் அடைப்பும் கெட்டிப்படும், நீளும். சோ தேஹோங், பட்ரீஷியா கீட்டிங் இருவரும் 2001இல் நாக்கு அண்ணத்தைத் தொடும் பரப்பையே அளந்து இதைக் காட்டினார்கள். அதனால் வாக்கியத்தின் முதல் சொல்லில் அளந்ததை நடுச் சொல்லில் அளந்ததோடு ஒப்பிடக்கூடாது.

உயிர் விட்டுக்கொடுப்பது சில இடங்களில் எல்லை மீறியும் போகும். அறுவடைத் திருநாளான 'சுசொக்' என்ற சொல்லில் முதல் மெய் மூச்சு, அடுத்த மெய் சகரம், நடுவில் குட்டி உகரம். இரண்டு பக்கமும் குரல்வளை விரிந்தே இருப்பதால், வேகமாகப் பேசும்போது நடுவில் சேர அதற்கு நேரம் கிடைப்பதில்லை. உகரம் குரலே இல்லாமல் வெறும் குவிந்த உதட்டுக் காற்றாகப் போய்விடும். உயிர் கெட்டுப்போனது என்று இதைப் பார்க்க வேண்டாம். இரண்டு மெய்களின் விரிவும் உயிரின் மேல் படர்ந்து மூடிவிட்டது என்று ஜன் சுன்-ஆவும் மேரி பெக்மனும் விளக்கினார்கள். நாடகத்தில் 'உயிரெழுத்தை முழுங்கிவிட்டார்கள்' என்று உங்களுக்குத் தோன்றும் இடங்களில் பல இந்த வகை.

நீங்கள் கேட்காத, ஆனால் நிச்சயம் சந்தித்திருக்கும் ஒன்று: 'ஆமாம்' என்பதற்கான 'நே' உங்களுக்குத் 'தே' என்று கேட்டிருக்கும். காது பழுது இல்லை. கட்டின் தொடக்கத்தில் சியோல்காரர்கள் மூக்கு வழியைச் சீக்கிரமே அடைத்துவிடுகிறார்கள். உயிர் தொடங்கும் முன்பே மூக்கொலி முடிந்துவிடுவதால் நகரம் தகரத்தின் பக்கம் சாய்கிறது. இதுவும் மெய்க்கும் உயிருக்கும் நடுவே நடக்கும் நேரப் பங்கீடுதான்.

சகரத்தில் மட்டும் எனக்கே தீர்மானமாகச் சொல்ல முடியாத ஒன்று உண்டு. 'சல்' என்றால் சதை, அதையே இறுக்கிச் சொன்னால் அரிசி. இறுக்கச் சகரத்தில் சீறல் நீளம், சீறல் முடிந்த கணமே உயிர். மற்றதில் சீறலுக்கும் உயிருக்கும் நடுவே கொஞ்சம் காற்று. இவ்வளவும் உறுதி. ஆனால் அந்த இறுக்கமில்லாத சகரம் சாதாவா, மூச்சா என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. காற்று இருக்கிறது, சுருதியும் உயரத்தில் தொடங்குகிறது, நடுவில் குழைவதும் இல்லை. இதெல்லாம் மூச்சின் குணம். எழுத்து வரிசையும் சொற்கள் மாறும் விதிகளும் அதைச் சாதாவோடு சேர்க்கின்றன. படிப்பவருக்கு இந்த வழக்கு தேவையில்லை. அரிசிக்குச் சீறலை நீட்டி, காற்றில்லாமல் உயிரில் இறங்குங்கள், போதும்.

உயிரின் சொந்த நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கணக்கில் கொரியனிலும் குறில் நெடில் உண்டு: 'நுன்' குறுகினால் கண், நீண்டால் பனி. 1988இல் வெளியான அரசு உச்சரிப்பு விதியிலும் அது இருக்கிறது. ஆனால் சியோலின் இளைய தலைமுறை அதைக் கைவிட்டுவிட்டது. அதில் நேரம் செலவழிக்காதீர்கள். இன்று நீங்கள் அளக்கும் உயிர் நீளமெல்லாம் பெரும்பாலும் பக்கத்து மெய்யாலும், வாக்கிய முடிவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதாலும் வருவது.

சந்தேகத்துக்குரிய இன்னும் இரண்டையும் சொல்லிவிடுகிறேன். மெய் நீண்டால் உயிர் குறுகுகிறது என்றேன். அப்படியானால் இரண்டின் கூட்டுத்தொகை மாறாமல் இருக்கிறதா? அப்படி நினைக்க ஆசையாக இருக்கும், ஆனால் அளவுகள் அதை முழுக்க ஆதரிப்பதில்லை. ஈடுகட்டல் உண்டு, முழு ஈடு இல்லை. கொரியன் அசைக்கு ஒரு தாளமாக ஓடும் மொழியா என்ற விவாதமும் முடிந்தபாடில்லை. அடுத்தது வட்டாரம். தென்கிழக்கில் கியோங்சாங் பகுதியில், புசானும் தேகுவும் இருக்கும் பக்கம், சொற்களுக்கே பிறவியிலேயே சுருதி உண்டு. ஒரே சொல் ஏற்ற இறக்கம் மாறினால் பொருள் மாறும். அங்கே சுருதிக்கு ஏற்கெனவே வேறு வேலை இருப்பதால், மெய்யைப் பிரிக்கக் காற்றின் நீளம் கூடுதலாகக் கைகொடுக்கிறது. சியோலைப் பற்றி மேலே சொன்னதை அங்கே அப்படியே பொருத்தாதீர்கள். அந்தப் பக்கத்துப் பழைய பேச்சில் அரிசியும் சதையும் ஒன்றாகவே ஒலிப்பதும் உண்டு.

இனி பயிற்சி. இறுக்கத்துக்கு நாக்கை அழுத்துவதை விட்டுவிடுங்கள். நம் 'அத்தை'யைச் சொல்ல வாயெடுத்து, 'அத்' என்று நின்று, தொண்டை இறுகியிருக்கும் அந்த நிலையைக் கவனியுங்கள். இப்போது முன்னால் இருக்கும் அகரத்தை மனதுக்குள் மட்டும் சொல்லி, மிச்சத்தை வெளியே விடுங்கள். கொரிய மகள் அங்கேதான் இருக்கிறாள். சாதாவுக்கு, களைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் 'தா' என்று கேட்பதுபோலத் தளர்வாகத் தொடங்கி, அடுத்த அசையில் ஏறுங்கள். மூச்சுக்கு, வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்து அது அசையும்படி விடுங்கள், ஆனால் சுருதியை மேலே வையுங்கள். தாள் மட்டும் அசைந்தால் போதாது. ஒரு சொல்லைத் தனியே சொல்லிப் பழகாமல், எப்போதும் ஒரே வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒரு முறையும் நடுவில் ஒரு முறையும் வைத்துச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

உங்கள் ஆசிரியருக்கு என்ன வயது, எந்த ஊர் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அறுபதைத் தாண்டிய சியோல்காரர் என்றால் அவர் காது காற்றை எதிர்பார்க்கும், முப்பது வயதுக்காரர் என்றால் சுருதியை. நிலா, மகள், முகமூடி மூன்றையும் அப்படி இரண்டு இடங்களில் வைத்துச் சொன்ன ஆறு பதிவுகளை இங்கேயே போடுங்கள். எந்த உயிர் எங்கே தவறுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுகிறேன்.